கடைசி ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட்

பாய்,

என் முன்னால் ஒரு பேப்பர் பக்கம் கிடக்கிறது. எட்டாக மடித்து, பென்ஷன் புத்தகத்தோடு பிளாஸ்டிக் உறைக்குள் ஆறு வருடமாக வைத்திருந்தேன். இன்று காலை பிரித்ததும் அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. ராசு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நீங்கள் வாசித்துக் காட்டி, நான் ஆசைப்பட்டுக் கேட்டதும் கிழித்துக் கொடுத்த பக்கம். பூமி சுற்றுவது கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகிறது, அதனால் நாள் மயிரிழை மயிரிழையாக நீண்டுகொண்டே போகிறது என்ற செய்தி அதில்தான் இருக்கிறது என்று இத்தனை நாளும் நம்பியிருந்தேன்.

இன்று நானே வாசித்தேன். ஆமாம் பாய், நானேதான். இந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதுகிறேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. இருந்தாலும் என் கை, என் எழுத்து. நீங்கள் இருந்திருந்தால் பெஞ்சை விட்டு எழுந்து நின்றிருப்பீர்கள்.

அந்தப் பக்கத்தில் பூமி இல்லை. மேலே ஆழ்துளைக் கிணறு போட்டுத் தருவதாக ஒரு விளம்பரம். நடுவில் மணமகள் தேவை, நான்கு கட்டம். கீழே கண்ணீர் அஞ்சலி, மீசை வைத்த ஒருவர் படத்தோடு. அந்த மீசைக்காரரைத்தான் பூமியின் வேகத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி என்று நினைத்திருந்தேன். படத்தைச் சுற்றிப் பூ போட்டிருந்ததைப் பெரிய மனிதருக்குச் செய்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். என் மனைவியிடம் காட்டி, "இவுருதான் பூமியையே அளந்தவரு" என்றேன். அவளும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பின்பக்கம் திருப்பினால் முழுக்கத் துணிக்கடையின் ஆடித் தள்ளுபடி. மூன்று முறை விரல் வைத்துத் தேடினேன். இல்லை.

எழுத்துத் தெரியாதவன்தானே என்று என்னோடு விளையாடினீர்களா பாய்?

இதைக் கேட்பதற்கு நீங்கள் இல்லை. நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கும் போத்தனூருக்குப் போய்க் கேட்கலாம் என்றால், மனைவி போன பிறகு ஐந்து வருடமாக நான் இருப்பது சரவணம்பட்டியில், மகன் குமரேசனின் வீட்டில், எட்டாவது மாடியில். அவனும் மருமகளும் காலை எட்டரைக்கு ஆபீஸ் போகும்போது கம்பிக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்கள். பத்து மணிக்குச் சமையல் செய்ய வரும் கமலம் தன்னிடம் உள்ள சாவியால் திறப்பாள். பன்னிரண்டு மணிக்குப் போகும்போது அவளும் பூட்டிவிட்டுப் போவாள். பிறகு இருட்டும் வரை நானும் ஃபிரிட்ஜ் போடும் சத்தமும்தான். பால்கனிக்கு வலை அடித்திருக்கிறார்கள், புறாவுக்காக. புறா வெளியே உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பூட்டு உங்களால் வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நீங்கள் போன சேதி காலை பத்தரைக்கு வீட்டுப் போனில் வந்தது. மதியம் லுகர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்றார்கள். கமலமும் அன்று லீவு, வீட்டில் யாரும் இல்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். பஸ்ஸில் நான் எப்படிப் போவேன் என்பது உங்களுக்குத் தெரியும். பலகை படிக்கத் தெரியாது, அதைச் சொல்லவும் வெட்கம். அதனால் எப்போதும் "கடைசி ஸ்டாப்புக்கு ஒண்ணு" என்றுதான் கேட்பேன். காந்திபுரம் போனால் எல்லாப் பஸ்ஸும் அங்கே நின்றுவிடும், யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. நாற்பது வருடம் அந்த வித்தை என்னைக் காப்பாற்றியது.

அன்றைக்கு நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டரிடம் அதே வார்த்தையைச் சொன்னேன். துண்டை முகத்தில் மூடிக்கொண்டேன். அழுதேன். எப்போது கண் அசந்தேன் என்று தெரியாது. "பெரியவரே, கடைசி ஸ்டாப்பு வந்துருச்சு, எறங்குங்க" என்று எழுப்பியபோது அன்னூரில் இருந்தேன். ரோட்டின் எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். அது நேர் எதிர்த் திசை. கையில் போன் இல்லை. யாரோ நல்லவர்கள் மகனைப் பிடித்துச் சேதி சொல்லி, அவன் வந்து சேர்வதற்குள் உங்களுக்கு மண் போட்டு முடித்திருந்தார்கள். ஒரு பிடி மண் என் கையால் விழவில்லை.

அடுத்த நாள் பூட்டு வந்தது. குமரேசன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "உங்களுக்காக இல்லீங்கப்பா. எங்க பயத்துக்கு."

அன்றைக்கே முடிவு செய்தேன். எழுத்து கற்காமல் சாவதில்லை.

கமலம்தான் என் வாத்தியார். எட்டாவது வரை படித்தவள், ஐம்பது வயது, வாய் அவளுக்கு இரண்டு. குக்கர் விசில் வருவதற்குள் எனக்கு ஐந்து எழுத்து. பால் பாக்கெட், அரிசிப் பை, நாள்காட்டித் தாள், மின்சாரம் நிற்கும் என்று லிஃப்டில் ஒட்டும் நோட்டீஸ், எல்லாம் பாடப் புத்தகம்.

"ஏனுங்கய்யா, எழுத்துப் போடச் சொன்னா நத்தை ஊர்ந்த மாரிப் போட்டு வெச்சிருக்கீங்க?"

"கடப்பாறை புடிச்ச கை அம்மணி. பேனா வழுக்குது."

"கடப்பாறையில எழுதறதுன்னா சொவத்துலதான் எழுதோணும். அக்கா பார்த்தா எனக்குச் சோலி போயிரும்."

அதுதான் அவள் பயம். வேலை நேரத்தில் பாடம் எடுத்தாள் என்று மருமகள் நினைத்துவிடக் கூடாது. அதனால் அவர்கள் இருவருக்கும் எதுவும் தெரியாது. பதினோரு மாதம் திருட்டுப் பாடம்.

வாசிக்க வந்ததும் இந்த வீடே மாறிவிட்டது பாய். எல்லாம் என்னோடு பேச ஆரம்பித்தன. கழிவறை மருந்து பாட்டில் கண்ணில் படாமல் பார்த்துக்கொள் என்கிறது. தைல பாட்டில் குலுக்காதே என்கிறது. சாம்பார்ப் பொடிப் பாக்கெட்டில், 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில், காற்றுப் புகாமல் மூடி வைக்கவும்' என்று போட்டிருந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். என்னையும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஏசி அறை, மூடிய கதவு. கெட்டுப்போகாமல் இருப்பேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் உங்கள் பக்கத்தையும் எடுத்தேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். நான் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன். உங்கள் தையல் கடை ஸ்டேஷனுக்கு வெளியே. ரயில்வேக்காரர்களுக்கு யூனிபார்ம் தைத்தீர்கள். எழுத்துத் தெரியாததால் நான் கடைசி வரை மேஸ்திரி ஆகவில்லை. நீங்கள் மட்டும் முதல் நாளிலிருந்து, "ஏனுங்க மேஸ்திரி" என்றுதான் கூப்பிட்டீர்கள். காலை ஆறரைக்கு ராசு கடையில் நீங்கள் பேப்பரைப் பிரித்தால் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் வாயை மூடிக்கொள்வோம். எந்த நாட்டில் சண்டை, எங்கே மழை, எந்தக் கட்சி உடைந்தது, எந்த ராஜா எந்தக் கோட்டையைக் கட்டினான், எல்லாம் எனக்கு உங்கள் வாய் வழியாகத்தான் வந்தது. ராஜா கதை முடிந்ததும் பேப்பரைத் தட்டிச் சொல்வீர்கள்: "கட்டுனவன்னு ராசா பேரைப் போட்டுட்டான். கல்லுச் சொமந்தவனை எவன் போடறான்? மேஸ்திரி, நாம ரெண்டு பேரும் இதுல வரமாட்டோம்."

ஊர் கலவரத்தில் கெட்டுக் கிடந்த நாட்களில் சில பக்கங்களை மட்டும் மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வீர்கள். "இன்னிக்கு இது வேண்டாமுங்க. டீயைக் குடிப்போம்." நாங்களும் கேட்க மாட்டோம்.

பதிலுக்கு நான் உங்களுக்குத் தண்டவாளம் சொல்லிக் கொடுத்தேன். வெயிலில் இரும்பு நீளும், அதற்காக இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் இடம் விட்டுப் போடுவோம் என்றேன். அதற்கு நீங்கள் சொன்னது: "மனுசனுக்கும் அந்த எடம் வேணுமுங்க மேஸ்திரி. ஊட்டுக்காரங்க நெருக்கி வெச்சாங்கன்னா வெயில் காலத்துல வளைஞ்சு போயிருவான்." எல்லோரும் சிரித்தோம். இந்த எட்டாவது மாடிக்கு வந்த பிறகு நான் அதற்குச் சிரிப்பதில்லை.

இத்தனையும் பொய்யா? எனக்கு வாசித்ததெல்லாம் உங்கள் வாய்க்கு வந்ததுதானா? நான் அந்தச் செய்திகளை எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன். எனக்குப் பின்னால் பெஞ்சு முழுக்கச் சிரித்ததா? நாற்பது வருடம் ஒன்றாக உட்கார்ந்தவர் என்னைப் பற்றி என்னதான் நினைத்தார் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தொடர்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, காலையில் குமரேசனிடம் கேட்டேன். "ஏன் கண்ணு, பூமி சுத்தறது மெதுவாகுதுன்னு சொல்றாங்களே, நெசமா?"

அவன் போனைத் தடவிப் பார்த்தான். "நெசந்தானுங்கப்பா. நிலா இழுக்கறதுல கடல் தண்ணி ஏறி எறங்குதில்ல, அதுல கொஞ்சங் கொஞ்சமா வேகம் கொறையுதாம். நெம்பக் கொஞ்சம். நமக்கெல்லாம் தெரியாது. ஏனுங்கப்பா?"

அப்படியானால் செய்தி உண்மை. பக்கம்தான் பொய். இது இன்னும் குழப்பமாகிவிட்டது.

"நான் போத்தனூர் போகோணும்."

"அடுத்த வாரம் கார்ல கூட்டீட்டுப் போறேன்."

"நானே போறேன். பஸ்ஸுல."

"எந்தப் போத்தனூரு? அன்னூர்ப் பக்கம் இருக்குதே, அதுவா?"

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏனுங்க, மாமாவைப் போயி..." என்று அவனை இடித்தாள். நான் கோபப்படவில்லை. மேசை மேல் கிடந்த அன்றைய பேப்பரை எடுத்து முதல் செய்தியை வாசித்தேன். மெதுவாகத்தான். சிறுவாணி அணையில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்ற செய்தி. ஒவ்வொரு சொல்லாகக் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் மருமகள் தோசைக் கரண்டியோடு நிற்கிறாள். தோசை கருகுகிறது. குமரேசன் வாயைத் திறந்தபடி இருக்கிறான்.

"எப்பங்கப்பா?"

"பால் பாக்கெட்டைப் பார்த்துக் கத்துக்கிட்டேன்." கமலத்தைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அவன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "படிக்கத் தெரிஞ்சா ரோட்டுல தலை சுத்தாதுங்களா? உளுந்து கெடந்தா நான் எங்கன்னு தேடறது?"

எழுத்து வந்தால் கதவு திறந்துவிடும் என்று நினைத்திருந்தேன் பாய். கதவு எழுத்தால் பூட்டியது அல்ல, அவன் பயத்தால் பூட்டியது. அதை எந்தப் பால் பாக்கெட்டிலும் படிக்க முடியாது. காரில் வரலாம்தான். ஆனால் நான் கேட்கப் போகிற கேள்விக்கு, 'ஆமாம், உன்னை வைத்து விளையாடினார்கள்' என்பது பதிலாக இருந்தால், அப்போது என் மகன் பக்கத்தில் நிற்கக் கூடாது.

இதுவரை எழுதிவிட்டு மூன்று வாரம் இந்தத் தாளைத் தொடவில்லை. நடந்ததை இப்போது சொல்கிறேன்.

அடுத்து வந்த புதன்கிழமை காலை அவர்கள் கிளம்பும்போது பூட்டும் சத்தம் கேட்கவில்லை. குமரேசன் செருப்பைப் போட்டுக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "சாவி ஃபிரிட்ஜ் மேல இருக்குதுங்கப்பா. சட்டைப் பையில என் நம்பரு எழுதி வெச்சிருக்கேன். சாயந்தரம் நாலுக்குள்ள வந்தரோணும்" என்றான். லிஃப்ட் வரை போனவன் திரும்பி வந்தான். "கடைசி ஸ்டாப்புன்னு கேக்காதீங்க. ஊர்ப் பேரைச் சொல்லிக் கேளுங்க."

ரோட்டை நிதானமாகக் கடந்தேன். பஸ் வந்தது. கா-ந்-தி-பு-ர-ம். எனக்காகவே எழுதி ஒட்டியது போல இருந்தது. ஏறினேன். "காந்திபுரம் ஒண்ணுங்க" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கணபதி வரைக்கும் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே வந்தேன். அங்கே சிக்னலில் பஸ் நின்றபோது, பின்னால் ஒரு நீல ஹெல்மெட் தெரிந்தது. வண்டி நம்பர் எனக்கு மனப்பாடம். குமரேசன். ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டு என் பஸ்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறான். நான் முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

காந்திபுரத்தில் பலகை வாசித்து பஸ் மாறி, போத்தனூரில் இறங்கினேன். ராசு என்னைப் பார்த்ததும் வடைத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார். டீ குடித்த பிறகு பேப்பர் பக்கத்தை எடுத்து விரித்தேன். "ராசு, இதுல என்ன போட்டிருக்குதுன்னு நானே படிச்சுப்போட்டேன். பாய் என்னை வெச்சுக் கேலி பண்ணினாரா? உள்ளதைச் சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்குங்ண்ணா இப்ப?"

"எனக்குத் தெரியோணும்."

அவர் கல்லாவில் இருந்த துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார். "பாய்க்குக் கண்ணு போயிருச்சுங்ண்ணா. அந்தத் தாளை உங்களுக்குக் குடுத்தாரே, அதுக்கு ஒரு வருசம் முன்னயே. நரம்பு செத்துப்போச்சு, ஆபரேசன் பண்ணினாலும் வராதுன்னு டாக்டர் கைய விரிச்சுட்டாரு. ஊட்டுல மங்கலாத் தெரியுதுன்னு மட்டும் சொல்லி வெச்சிருந்தாரு. முழுசாத் தெரிஞ்சா வெளிய உடமாட்டாங்கன்னு பயம்."

"பேப்பரு?"

"விடியக் காலைல ரேடியோல சேதி கேப்பாரு. அதை மனசுல அடுக்கிக்கிட்டு வருவாரு. பேப்பரை நான்தான் தலைகீழா இல்லாம நேராத் திருப்பிக் கைல குடுப்பேன். நேரம் பார்த்துப் பக்கத்தைப் புரட்டுவாரு. நீங்க திடீர்னு அந்தத் தாளு வேணும்னு நின்னீங்க பாருங்க, கைக்கு வந்ததைக் கிழிச்சுக் குடுத்துப்போட்டாரு."

"வேற யாருக்குத் தெரியும்?"

"பெஞ்சுல இருந்த அத்தனை பேருக்குந்தானுங்க. உங்களைத் தவிர."

"ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லலியே!"

ராசு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அவுரே சொல்லாதப்ப நாம போயி எப்படிங்ண்ணா சொல்றது? மரியாதை இல்லீங்களே."

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. கை நடுங்குகிறது என்று தையலை மகனிடம் விட்டது. ரயில் லைனைத் தாண்டும்போதெல்லாம் என் தோளில் கை போட்டுக்கொண்டது. நட்பு முற்றிவிட்டது என்று நானும் தோளைக் கொடுத்துக்கொண்டே நடந்தேன். "அங்க என்னங்க மேஸ்திரி கூட்டம்? என்ன கலர்ல கொடி கட்டியிருக்காங்க? சிக்னல் விழுந்துருச்சுங்களா?" என்று ஓயாமல் கேட்டது. நானும் விடாமல் சொன்னது. நீங்கள் எனக்கு வாசித்த அந்த நாட்களில் நானும் உங்களுக்கு வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். நான் விளையாட்டுப் பொருளாக இல்லை. உங்களுக்கும் ஒரு பூட்டு தயாராகக் காத்திருந்தது. அதற்கு அகப்படாமல், நான் மகன் வீட்டுக்கு வரும் வரை இரண்டு வருடம், காலை ஆறரைக்கு அந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தீர்கள். நீங்கள் பேப்பர் படிப்பதாக நம்ப ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான்.

கோபம் வரவில்லை. உங்கள் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரிப்புதான் வந்தது. சிரித்து முடிக்கும்போது ராசு இன்னொரு டீ வைத்தார். பிறகு கபர்ஸ்தானுக்குப் போனேன். இடம் காட்டினார்கள். அன்று விழாத அந்த ஒரு பிடி மண்ணைப் போட்டேன்.

திரும்பும்போது காந்திபுரத்தில் நின்றேன். என் பஸ் வந்தது. சரவணம்பட்டி என்று தெளிவாகப் போட்டிருந்தது. வாசித்தேன். ஏறவில்லை. அது போனது. இன்னொன்று வந்தது. அதையும் வாசித்துவிட்டு விட்டுவிட்டேன். மதுக்கரை, பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், அன்னூர்கூட வந்தது. எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும் என்று தெரிந்து, ஏறாமல் நிற்பது எவ்வளவு பெரிய சுகம் என்று எழுபத்து நான்கு வயதில் கண்டுகொண்டேன். எதிர்ப்பக்கம், பூக்கடைக்குப் பக்கத்தில், நிழல் இல்லாத இடத்தில் நீல ஹெல்மெட் நின்றது. கழற்றினால் நான் பார்த்துவிடுவேன் என்று கழற்றவும் இல்லை. உச்சி வெயில். மூன்றாவது பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நான் வீடு சேர்ந்து கால் மணி நேரம் கழித்து அவன் வந்தான். முடி நனைந்து ஒட்டியிருந்தது. தாடையில் ஹெல்மெட் வார் பதிந்த கோடு.

"போயிட்டு வந்தீங்களாப்பா? பஸ்ஸு கெடைச்சுதா?"

"சுலுவாக் கெடைச்சுது கண்ணு. ஆபீஸுல சோலி எப்படி?"

"நெம்பச் சோலிங்கப்பா."

"தண்ணி குடி" என்றேன்.

இப்போது புதன்கிழமை மட்டும் சாவி ஃபிரிட்ஜ் மேல் இருக்கும். மற்ற நாள் பூட்டுத்தான். உங்கள் குரலில் கேட்ட உலகச் சேதியெல்லாம் எனக்கு முக்கால்வாசி மறந்துவிட்டது பாய். ஒருவர் மறைத்து வைத்திருப்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கும் அந்தப் பெஞ்சின் மரியாதைதான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் நடமாடுகிறேன்.

போன புதன்கிழமையும் நீல ஹெல்மெட் வந்தது. காந்திபுரத்துக்கு முந்தின ஸ்டாப்பில் எதிர்ப்பக்கம் ஒரு பெரிய வேப்பமரம் இருக்கிறது. இனி திரும்பும்போது அந்த ஸ்டாப்புக்குப் போய் நின்றுதான் பஸ்களை விடலாம் என்று இருக்கிறேன். எத்தனை பஸ்ஸை விட்டாலும் அவனுக்கு நிழல் இருக்கும்.